பிள்ளை ஓடி வந்தால்தான் கேட் திறக்கும்

மகனே,

வழக்கமாக இந்தச் சொல்லுக்கு முன்னால் 'அன்புள்ள' என்று போடுவார்கள். நானும் போட்டேன், பிறகு அடித்துவிட்டேன். விமான் நகரில் புதுக் கிளை திறக்கிறாய், நான்தான் வந்து ரிப்பன் வெட்ட வேண்டும் என்று பலூன் படம் போட்ட அழைப்பிதழ் ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறாய். ஊருக்கெல்லாம் அனுப்பிய அதே படம்தான் பெற்றவளுக்கும். அதற்கு இதுதான் பதில், நான் வரப்போவதில்லை. காரணத்தைப் போனில் சொன்னால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்பாய். ஆங்கிலத்தில் எழுதினால் உன் பிசினஸ் பார்ட்னருக்கு அனுப்பிவைப்பாய், இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு ஒரு பதில் தயாரிப்பீர்கள். அதனால் தமிழில் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டியே படி. இந்த ஒரு காரியத்தையாவது நீ மெதுவாகச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இதை நீ மட்டும் படிக்கப்போவதில்லை. பூனாவில் மழலையர் பள்ளி நடத்திய அனுபவத்தை இங்குள்ள தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். பிஞ்சு விரல்கள், கள்ளமில்லாத சிரிப்பு என்று நான் இரண்டு பக்கம் தருவேன் என்பது அவர்கள் நினைப்பு. இதைத்தான் தரப்போகிறேன். உன் அழைப்பிதழ் போன வீடுகளுக்கெல்லாம் இதுவும் போகட்டும். மகனுக்கு எழுதும் கடிதத்தில் தாய் எங்காவது ஓர் இடத்தில் தன் தவறை ஒப்புக்கொண்டு உருகுவாள், படிக்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்த இடத்தை இதில் தேடாதே. இதில் வருகிற தவறு உன்னுடையது.

பள்ளியை நான் ஆரம்பித்தபோது உன் அப்பா கட்கியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலையில் இருந்தார், நாம் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். விஷ்ராந்த்வாடியில் இந்த வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்துத்தான் பள்ளி நடத்தினேன், வீட்டை வாங்கியது பிறகுதான். எனக்கு மராத்தி வராது, ஹிந்தி அரைகுறை. மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு என் மொழி ஒரு பொருட்டாகவே இல்லை, பெற்றவர்களுக்குத்தான் சந்தேகம். மதியம் பள்ளி விடும் நேரத்தில் யார் யாரோ வருவார்கள். ஒருநாள் அம்மா, மறுநாள் சித்தப்பா, இன்னொரு நாள் பக்கத்து வீட்டுக்காரர். எல்லாரையும் என்னால் எப்படி அடையாளம் வைத்துக்கொள்ள முடியும்? ஒரு விஷயத்தை மட்டும் கவனித்தேன். யாரை நம்பலாம் என்பது எனக்குத் தெரியாவிட்டாலும் பிள்ளைக்குத் தெரிகிறது. தன்னுடைய ஆளைப் பார்த்ததும் பிள்ளை ஓடும். பையை மறந்துவிட்டு, ஒரு கால் செருப்பை விட்டுவிட்டு ஓடும். அதையே நான் சட்டமாக்கினேன். கேட்டுக்கு வெளியே ஒரு இரும்பு பெஞ்சு போட்டேன். யார் வந்தாலும் முதலில் வெளியே நிற்க வேண்டும். பிள்ளை ஓடி வந்தால் கேட் திறக்கும். ஓடவில்லை என்றால், வந்தவர் மாமாவோ மந்திரியோ, பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். பிள்ளை மனம் மாறும்வரையோ, பிள்ளைக்குப் பிடித்த வேறு ஆள் வரும்வரையோ காத்திருக்க வேண்டும்.

இதற்காக நான் வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமில்லை. சாத்தாராவிலிருந்து ஒரு தாத்தா பேரனைக் கூப்பிட முதல் தடவை வந்தார். பேரன் அவரைப் பார்த்து ஜோதி தாயியின் புடவைக்குள் போய் ஒளிந்துகொண்டான். எங்கள் ஆயாவை உனக்குத் தெரியும், உன்னையும் தூக்கி வளர்த்தவள். பெரியவர் தலைப்பாகையைக் கழற்றிப் பெஞ்சில் அடித்து, மதராஸிலிருந்து வந்தவள் என் ரத்தத்தை என்னிடம் கொடுக்க மறுக்கிறாளா என்று தெருவையே கூட்டினார். நான் தண்ணீர் கொடுத்தேன், கேட்டைத் திறக்கவில்லை. பையனின் அம்மா வந்த பிறகுதான் விட்டேன். அந்தப் பெரியவர் அடுத்த மாதமும் வந்தார். வந்தவர் தானாகவே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, பேரன் ஓடி வருகிறானா என்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் ஓடி வந்தான். அவருக்குக் கிடைத்த சந்தோஷத்தை அந்தத் தெருவே பார்த்தது.

இதெல்லாம் உனக்குப் பழங்கதை. ஆனால் அந்தக் கேட்டுக்கு உள்ளே நீயும் ஒருநாள் நின்றிருக்கிறாய். அதை நீ மறந்திருந்தால் நான் நினைவுபடுத்துகிறேன். உனக்கு நாலு வயது. முந்தின நாள் உன் அப்பா ஏதோ தொழிற்சாலைக் கோபத்தில் வந்து, நீ அவருடைய ரேடியோவைத் தரையில் போட்டுவிட்டாய் என்பதற்காக உன்னை அறைந்துவிட்டார். கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. மறுநாள் மதியம் வழக்கம்போல ஸ்கூட்டரில் உன்னைக் கூப்பிட வந்தார். நீ சுவரோடு சுவராக நின்றுகொண்டாய். அவர் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நீ அசையவில்லை. மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் சுற்றி நிற்கிறார்கள். அவர் என்னைப் பார்த்தார், கேட்டைத் திற என்று கண்ணாலேயே சொன்னார். நான் அவரிடம், "பெஞ்சுல உக்காருங்க" என்றேன். கட்டிய புருஷன், யூனிஃபாரத்தில் வந்து நிற்கிற மனுஷன், முகம் சிவக்க அந்த வெயிலில் உட்கார்ந்தார். எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். அவர் எழுந்து போகவும் இல்லை, உன்னை மிரட்டவும் இல்லை. வெகுநேரம் கழித்து நீயாகவே மெல்ல நடந்து வந்து, கேட்டுக் கம்பி வழியாகக் கையை நீட்டி அவர் சட்டைப் பித்தானைத் தொட்டாய். பிறகுதான் திறந்தேன். அவர் அதற்கப்புறம் உன் மேல் கை நீட்டியதே இல்லை. சாகும்வரை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "என்னையே வெளியே உக்கார வெச்ச மகராசி இவ" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். உனக்காக உன் அப்பாவுக்கே திறக்காத கேட் அது.

அந்தக் கேட்டைத்தான் நீ கையில் எடுத்துக்கொண்டாய். என் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு, நீ ஓய்வெடு அம்மா, பள்ளியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்தபோது நான் மகிழ்ந்தேன் என்பது உண்மை. முதலில் பெயருக்குப் பின்னால் 'இன்டர்நேஷனல்' சேர்த்தாய். ஆலந்தி ரோட்டுக்குப் பின்னால், மாவு மில்லுக்கும் தையல் கடைக்கும் நடுவில், நாற்பது பிள்ளைகூட இல்லாத பள்ளி இன்டர்நேஷனல் ஆயிற்று. சரி, சிரித்துவிட்டு விட்டேன். ஜோதி தாயிக்கு நீலக் கோட்டு மாட்டி, 'கேர் எக்ஸிக்யூட்டிவ்' என்று நெஞ்சில் அட்டை குத்தினாய். அவள் அதைக் காட்டி, அக்கா, இதில் என்ன எழுதியிருக்கிறது, என் சம்பளம் கூடுமா என்று கேட்டாள். அதையும் விட்டேன். பெஞ்சைத் தூக்கி மொட்டை மாடியில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு யானை பொம்மையை நிறுத்தி, செல்ஃபி எடுக்கும் இடம் என்று போர்டு வைத்தாயே, அன்றைக்கே உன்னை நான் பிடித்து நிறுத்தியிருப்பேன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கேட்டபோது, இனிமேல் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை, ஆப் வந்துவிட்டது, கூப்பிட வருகிறவர் போனில் ஓ.டி.பி. காட்டினால் போதும், பிள்ளை கைக்கு வந்துவிடும் என்றாய். பிள்ளை ஓடாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "அம்மா, மூணு வயசுக் குழந்தையோட மூடை வெச்சு ஸ்கூல் நடத்த முடியாது" என்றாய். உன் பார்ட்னர் அதற்குச் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்போது சானுவிடம் வருகிறேன். இது அவளுடைய பெயர் இல்லை. உண்மைப் பெயரை எழுதினால் அவள் அம்மாவுக்கு இன்னும் கஷ்டம். அந்த அம்மாவுக்கு விமான் நகரில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை. புருஷனை விட்டுப் பிரிந்து வந்தவள். பிள்ளையைச் சேர்க்க வந்த அன்று, என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அவர் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது மேடம் என்று அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் கேட் அப்படித் திறக்காது, நீ நிம்மதியாக டியூட்டிக்குப் போ என்றேன். அந்த வாக்கைக் கொடுத்தது நான். அதை நீ சில நொடியில் காற்றில் விட்டாய்.

அது நடந்த அன்று மதியம் நான் மாடி பால்கனியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். கீழே கேட்டில் நீ நின்றாய். அந்த மனிதன் சாக்லேட் பெட்டியோடு வந்தான், போனை நீட்டினான். அவர்கள் பிரிவதற்கு முன், முதன்முதலில் பள்ளியை விசாரித்துப் போன் வந்தது அவன் நம்பரிலிருந்து, அந்த நம்பரையே ஆப்பில் ஏற்றி வைத்திருந்தாய். சானு அவனைப் பார்த்தாள். ஓடவில்லை. பின்னால் போனாள், சறுக்குமரத்தின் இரும்புக் காலைக் கட்டிக்கொண்டாள். ஜோதி தாயி நடுவில் வந்து ஏதோ சொன்னாள், நீ கையசைத்து அவளை உள்ளே அனுப்பினாய். நான் மேலிருந்து கத்தினேன்.

"டேய், அவ ஓடலடா. விடாத."

நீ நிமிர்ந்து பார்த்தாய். "அம்மா, ஓ.டி.பி. மேட்ச் ஆயிடுச்சு. நீ டென்ஷன் ஆகாத, உள்ள போ" என்றாய். சொல்லிவிட்டுக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாய். பிறகு குனிந்து, அந்தக் குழந்தையின் விரல்களை இரும்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாய். சிரித்துக்கொண்டேதான் பிரித்தாய், ஜா பேட்டா, பாபா ஆயே ஹை, போ கண்ணு, அப்பா வந்திருக்கார் என்று கொஞ்சிக்கொண்டேதான் பிரித்தாய். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது தெருவில் யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக நான் கீழே வந்து சேர்ந்தபோது கார் போய்விட்டது. கால் மணி நேரத்தில் அவள் அம்மா வந்தாள், கையில் போன், அதில் ஓ.டி.பி. உன் ஆப் அவளுக்கும் ஒன்று அனுப்பியிருந்தது. விஷயம் தெரிந்ததும் அந்த யானை பொம்மையின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். உட்கார வைக்க அங்கே பெஞ்சு இல்லை.

குழந்தை கிடைத்துவிட்டது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் பதற வேண்டாம். போலீஸ் போய், பூனாவுக்கு வெளியே தளேகாவில் அவனுடைய அக்கா வீட்டில் இரண்டு நாள் கழித்து மீட்டுக்கொண்டு வந்தார்கள். பட்டினி போடவில்லை, அடிக்கவில்லை. அவனும் பெற்ற தகப்பன்தான், ஏங்கித்தான் செய்திருப்பான். அவனுக்கும் அவளுக்கும் உள்ள வழக்கைக் கோர்ட்டு பார்த்துக்கொள்ளட்டும், அது என் வேலை இல்லை. என் கோபமெல்லாம் உன் மேல். அந்த இரண்டு நாளும் நீ என்ன செய்தாய்? அந்த அம்மா போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது நீ உன் பார்ட்னரோடும் வக்கீலோடும் உட்கார்ந்து, பெற்றோர் குரூப்பில் ஒரு அறிக்கை போட்டாய். விதிமுறைகள் முழுமையாகப் பின்பற்றப்பட்டன என்று அதில் இருந்தது. என்னிடம் வந்து, "லீகலா நம்ம மேல ஒண்ணும் இல்லம்மா. அவர் பயாலஜிகல் ஃபாதர், ஆப்ல எல்லாம் ரெக்கார்ட் ஆகியிருக்கு" என்றாய். உன் குரலில் நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பயந்திருந்தாய் என்றால், அழுதிருந்தாய் என்றால், என் மடியில் படுக்க வைத்திருப்பேன். அந்தக் குழந்தையின் விரலைப் பிரித்த கையால் அன்று ராத்திரி நீ சப்பாத்தியைப் பிய்த்துச் சாப்பிட்டதைப் பார்த்தேன். ஒரு தடவைகூட உன் கையை நீ பார்க்கவில்லை.

அடுத்த வாரம் நீ விமான் நகருக்கு ஃப்ளாட் பார்த்துப் போய்விட்டாய், கிளை வேலை இருக்கிறது என்று. இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. சானுவை அவள் அம்மா திரும்பவும் நம்மிடமே கொண்டுவந்து விட்டாள். வேலைக்குப் போகிறவளுக்கு வேறு வழி கிடையாது. மதியம் கேட்டுக்கு நானே போனேன், தடியை ஊன்றிக்கொண்டு. ஒவ்வொருவராக ஓடினார்கள். சானுவின் அம்மா வந்து கேட்டுக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சானு ஓடவில்லை. தாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மெல்லப் பின்னால் போய் அந்தச் சறுக்குமரத்தின் காலைக் கட்டிக்கொண்டாள்.

பெற்ற தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மேடம், மை ஹூ, மம்மி ஹூ", நான்தான், அம்மாதான் என்று என்னிடம் கெஞ்சினாள். நான் என்ன செய்ய வேண்டும், சொல். கேட்டைத் திறந்து, விரலைப் பிரித்து, தாயிடமே கொடுத்திருக்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நான் திறக்கவில்லை. மாவு மில் ஆட்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு மொட்டை மாடியிலிருந்து பெஞ்சைக் கொண்டுவரச் சொன்னேன். உன் யானையைத் தள்ளிவிட்டு அதே இடத்தில் போட்டேன். அந்த அம்மாவை உட்கார வைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹோட்டலிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. வெயில் சாய்ந்த பிறகு சானு வந்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். கம்பிக்கு உள்ளே நின்று தாயின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. தினமும் அவள் அம்மா உட்காருகிறாள், தினமும் இவள் நடந்துதான் வருகிறாள். ஓடுகிற பிள்ளையை நடக்க வைத்தாய் நீ. இதற்கு எந்த ஆப்பில் என்ன அமுக்க வேண்டும் என்று உன் பார்ட்னரைக் கேட்டுச் சொல்.

புதுக் கிளை திறக்கிறாய், பெரியவள் என்ற முறையில் நாலு புத்திமதி சொல்ல வேண்டும் அல்லவா? அழுகிற பிள்ளைக்கு டி.வி. போடாதே. பெற்றவர்கள் எதிரில் பிள்ளையைப் பாடச் சொல்லாதே. சிறுநீர் போய்விட்ட பிள்ளைக்கு மற்றவர்கள் பார்க்கும் முன் உடை மாற்றிவிடு. இதெல்லாம் நீ எழுதி வைத்துக்கொண்டு, கலர் அச்சில் சுவரில் மாட்டுவாய், தெரியும். அதனால் நிறுத்திக்கொள்கிறேன். இந்தப் பள்ளியின் பெயரை உன் போர்டில் போடாதே, அது மட்டும் எச்சரிக்கை. வீடு என் பெயரில் இருக்கிறது, 'இன்டர்நேஷனல்' போர்டை இறக்கியாகிவிட்டது, நீலக் கோட்டை ஜோதி தாயி மிதியடியாகப் போட்டிருக்கிறாள். கேட்டுப் பூட்டையும் மாற்றிவிட்டேன். உன் சாவி இனிமேல் சேராது.

நீ வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ரிப்பன் வெட்ட வேறு யாரையாவது பிடித்துக்கொள், வெட்டி முடித்த பிறகு ஒருநாள் மதியம் இங்கே வா. அழைப்பிதழ் வேண்டாம், போன் வேண்டாம், பார்ட்னர் வேண்டாம். சானுவின் அம்மா பக்கத்தில் இடம் இருக்கிறது. அவளிடம் பேச உனக்கு ஏதாவது இருந்தால் பேசு, இல்லாவிட்டால் சும்மா உட்கார். நான் உள்ளே இருப்பேன், உன்னைப் பார்ப்பேன். உன்னைப் பார்த்ததும் இந்த முழங்காலோடு ஓடி வந்த நாட்கள் உண்டு, அது உனக்கும் தெரியும். இப்போது ஓடி வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. உன் அப்பா உட்கார்ந்த பெஞ்சுதான், உட்கார். நான் வந்தால்தான் கேட் திறக்கும்.

அம்மா